வரவேற்பறைச் சுவரில் துரு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வரவேற்பறையைப் புதுப்பித்திருக்கிறார்கள். இன்று காலை பார்த்தால் சுவர் முழுக்கத் துருப்பிடித்த இரும்புத் தகடு. உடனே போட்டோ எடுத்து, "இதை யாரும் துடைப்பதே இல்லையா?" என்று கம்பெனி குரூப்பில் போட்டேன்.

மதியம் போனால், ஹவுஸ்கீப்பிங் அக்கா கம்பி நாரால் அந்தச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் சிவந்திருந்தன.

"காத்தாலேர்ந்து தேச்சிகினு கீறேன் சார். போவவே மாட்டேங்குது."

என் சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பீங்கான் டைல்! மேல்பூச்சையே துரு மாதிரி சுட்டு எடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நான் படித்தது மெட்டலர்ஜி, உலோகவியல்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். "இன்னா சார், துருவப் போய் துட்டு குடுத்து வாங்குவாங்களா?"

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ, ஒழுங்கா வேல செய்யலன்னு சூப்பர்வைசர் எங்கிட்ட எழுதி வாங்கினாரே, அத திருப்பிக் குடுத்துருவாரா?"

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "அது ஹெச்ஆருக்குப் போயிடுச்சு, வுடுங்க சார்" என்றார்.

"அது டைல். தப்பு என்னுடையது. அக்காவின் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அதே குரூப்பில் எழுதியிருக்கிறேன்.

காலைப் புகாருக்குப் பதினெட்டு லைக். இதற்கு இதுவரை ஒன்றுகூட இல்லை. இந்தப் பதிவைப் படிப்பவர்களில் எங்கள் கம்பெனிக்காரர்களும் இருக்கிறீர்கள், தெரியும். அங்கே போய் ஒரு வார்த்தை எழுதுங்களேன்.