நைரோபிக்கு எந்த மாதம் போகலாம்

ஆப்பிரிக்கா என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் கணவர் நைரோபிக்கு வேலைக்குக் கிளம்பியபோது பெட்டி அடுக்கியது நான். எட்டு மெல்லிய பருத்திச் சட்டை, ஆறு பனியன், வியர்க்குரு பவுடர் இரண்டு டப்பா. போய் இறங்கிய மூன்றாம் நாள் போன் செய்து, நம் ஊர் தளியை விட இங்கே குளிர், ஒரு ஸ்வெட்டர் கூட வைக்கவில்லையே நீ என்றார். அது ஜூலை மாதம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அவமானத்துக்குக் காரணம் இருக்கிறது. குளிரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தளிப் பக்கத்து ரோஜாப் பண்ணை ஒன்றில் பாக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறேன். காம்பின் நீளம் பார்த்துப் பூவைப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிக் குளிர் அறைக்குள் அனுப்புவது எங்கள் வேலை. கிருஷ்ணகிரியில் ஜனங்கள் ஃபேனுக்கடியில் தவிக்கும் மே மாதத்தில் நாங்கள் ஸ்வெட்டரும் காதை மூடிய துண்டுமாக நிற்போம். அவர் அதே பண்ணையில் இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். இங்கே ரோஜா வேலை பழகினவர்களைக் கென்யாவில் இருக்கிற பண்ணைகள் கூப்பிட்டுக்கொள்ளும். அதுவும் நம்முடையதைப் போல மேட்டு நிலம், பிளாஸ்டிக் கூரை போட்ட அதே பாலிஹவுஸ், அதே பூ. ரோஜா நன்றாக வருகிற ஊரில் வெயில் கொளுத்தாது என்று யோசிக்கத் தெரியாமல் போய்விட்டது எனக்கு.

ஆறு மாதத்தில் உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு மாதம் வந்து இருந்து பார், பிடித்தால் அங்கேயே இருந்துவிடலாம் என்றும் சொன்னார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. போகத் தடையாக வீட்டில் ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் சொன்னேன்.

இரண்டாம் முறை அவமானப்படக் கூடாது என்று நைரோபியின் வானிலையைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். படித்தது அவரிடம்தான். அங்கே நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால். ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டு முடித்து உட்காரும்போது அவருக்குக் காலை பதினொன்று. அப்போது கூப்பிடுவார். முதலில் கேட்பதே மழையா வெயிலா என்றுதான். பண்ணைக்காரர்கள் அப்படித்தான். ராத்திரிப் பனி இலையில் தங்கினால் நோய் வந்துவிடும் என்று பயந்தே வாழ்கிறவர்களுக்கு, சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் வானம் எப்படி என்பது வந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு, இந்த மனுஷனுக்குக் கொஞ்சத் தெரிந்த விதம் இதுதான் என்று பழகிக்கொண்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

ஜனவரி, பிப்ரவரி அங்கே நல்ல மாதங்கள். வானம் துடைத்த மாதிரி இருக்கும், பகலில் பருத்திப் புடவை போதும், சாயங்காலத்துக்கு ஒரு சால்வை. வெயில் உறைக்காத மாதிரி இருந்தே தோலைக் கருக்கிவிடும், அதனால் குடை மழைக்கு மட்டும் இல்லை. மார்ச் பாதியில் பெரிய மழை தொடங்கி மே வரை நிற்காது. பண்ணைப் பக்கம் செருப்பு போட்டால் சேற்றோடு போய்விடும், பின்னால் வார் வைத்ததோ ரப்பர் பூட்ஸோ வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சூரியன் முகம் காட்டாத குளிர். கனமான ஸ்வெட்டர் ஒன்று, மெல்லியது ஒன்று, சாக்ஸ் நான்கு ஜோடி. செப்டம்பரில் கொஞ்சம் தெளியும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சின்ன மழை, பெய்து பெய்து விடும், மடக்குக் குடை போதும். எந்த மாதமாக இருந்தாலும் இரவுக்குப் போர்வை உண்டு. பிளாஸ்டிக் கவர் மட்டும் எதையும் சுற்றி எடுத்துப் போகக் கூடாது, அந்த நாட்டில் தடை. ஊறுகாயை டப்பாவில் போட்டுத் துணியில் கட்ட வேண்டும். சார்ஜருக்கு நம் பிளக் சேராது, சதுரக் கால் வைத்தது வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த எனக்குப் போகத்தான் நாள் வரவில்லை.

முதல் ஜனவரிக்குப் போவதாக இருந்தது. பெங்களூர் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். இது ஆயுசுக்கும் செல்லும் அம்மா என்று நர்ஸ் அட்டையைக் கொடுத்தாள். அப்போது பார்த்து அவர், ஜனவரி வேண்டாம், காதலர் தினப் பூ வெட்டும் நேரம், உன்னைக் கூட்டிக்கொண்டு ஒரு இடம் போக முடியாது என்றார். அது நியாயம். எங்கள் ஷெட்டிலும் அந்த மூன்று வாரம் நிற்க நேரம் இருக்காது. ஏப்ரலில் மழை, வந்தால் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பாய் என்றார். புடவைகளை எடுத்துவிட்டு ஸ்வெட்டர்களை அடுக்கினேன். ஜூலையில் குளிர், உனக்கு மூட்டு வலி வேறு என்றார். ஸ்வெட்டர்களை எடுத்துவிட்டுக் குடையை வைத்தேன். நவம்பரில் சளிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. இப்படியே இரண்டு வருஷம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எதையும் எதிர்த்துக் கேட்டுவிடுவேன். வானத்தை எதிர்த்து என்ன கேட்பது?

நடுவில் ஒரு முறை விடுமுறையில் வந்தார். இருபது நாள். கறிக்குழம்பு வைத்தேன், பிடித்த களி கிண்டினேன், எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பார். யாரோடாவது பேசுகிறாரோ என்று பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். நைரோபியில் இன்று மழையா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பான ஆள், பண்ணையை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

போன வருஷம் எங்கள் ஷெட்டில் என் பக்கத்து மேசையில் பூக் கட்டுகிறவளின் கணவருக்கும் இவர் இருக்கும் நைரோபிப் பண்ணையிலேயே வேலை கிடைத்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னை விடப் பத்து வயது சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருப்பாள். அவள் கணவர் போன நாலாம் மாதமே அவளை வரச் சொல்லிவிட்டார், ஜூலையில். ஜூலையா என்று நான் பதறினேன். அவள் பெட்டியை நானே உட்கார்ந்து அடுக்கினேன். என் கனமான ஸ்வெட்டரையும் கொடுத்தேன். அவள் மாமியார், நைரோபியிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி அடுக்குகிறாளே என்று என்னைக் கிண்டல் செய்தாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவள் ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். உபயோகப்பட்டதா என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் போட்டேங்க்கா. அப்புறம் சால்வையே போதுமா இருந்துச்சி. நம்மூரு மார்கழி அளவு கூட இல்லக்கா அது. மதியத்துல நல்லா வெயிலு வருது."

அவள் நல்ல எண்ணத்தில் மேலும் மேலும் சொல்லிக்கொண்டே போனாள். அண்ணன் நன்றாக இருக்கிறார், அவரே சமைக்கிறார், சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விருந்து வைத்தார், ஒரே சிரிப்பு, அவர் அடித்த ஜோக்குக்கு எனக்கு வயிறு வலித்துவிட்டது என்றாள். யாராவது கூட இருக்கிறார்களா என்று கேட்டேன். கேட்க வேண்டியிருந்தது. அவள் கண்ணைப் பார்த்தால் பொய் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியும். "சத்தியமா யாரும் இல்லக்கா. தனியாத்தான் இருக்காரு" என்றாள். அது உண்மை.

வேறு யாராவது இருந்திருந்தால் தேவலை. சண்டையாவது போட்டிருப்பேன், நாலு பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்திருப்பேன். இருபத்துநாலு வருஷத்தில் அவர் ஜோக் அடித்து நான் கேட்டதில்லை. அவரால் முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். இங்கே மூட்டமாக இருக்கிறது, அங்கே எப்படி என்றார். வானத்தை விடுங்கள் என்றேன். எந்த மாதம் வரட்டும், நீங்களே சொல்லுங்கள், மழையானாலும் குளிரானாலும் வந்து இருந்துகொள்கிறேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன் என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரல்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னார்.

"எந்த மாசமும் வேணாம்."

அவரே மேலே சொன்னார்.

"நான் இங்க நிம்மதியா இருக்கேன். தனியா இருக்கறது எனக்கு ஒத்துப்போச்சி. இத உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தன நாளு எதையெதையோ சொல்லினு இருந்தேன்."

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. "நீ ஒரு தப்பும் செய்யல."

ஏதாவது செய்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உன் வாய் பிடிக்கவில்லை, உன் சமையல் பிடிக்கவில்லை, ஏதாவது. திருத்திக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கும் ஒரு வழி இருந்திருக்கும். ஒன்றும் செய்யாதவள் எதைத் திருத்துவது? அழுகிற ஆளைத் திட்டவும் மனசு வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், அந்த மனுஷனுக்கு ஆறுதல் சொன்னது நான், எனக்கு யாரும் சொல்லவில்லை என்று உறைத்தது. அன்றைக்கு முழுவதும் அழுதேன். இன்னமும் சில நாள் அழுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் கூப்பிடுகிறார். செலவுக்கு அனுப்புகிறார். உறவில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

போன வாரம் ஷெட்டில் டீ நேரத்தில், அக்கா நீ எப்போது நைரோபி போகிறாய், விசா வந்துவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதும் எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்து மேசைக்காரி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இப்போது அங்கே மழைக்காலம், ஏரோப்ளேன் விட்டு இறங்கினால் முழங்கால் வரை சேறு, அது ஓய்ந்தால் குளிர் தொடங்கிவிடும், எனக்கு மூட்டு வலி, அதனால் ஜனவரியில் வா என்று அவர் சொல்லியிருக்கிறார் என்றேன். ஜனவரியில் வானம் எப்படி இருக்கும், எந்தப் புடவை எடுத்துப் போகப் போகிறேன் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாக வந்தது. எல்லோரும் நம்பினார்கள். அன்றைக்கு வேலை முடிகிற வரைக்கும் நானும் நம்பினேன்.