பரிசீலனையில் இருந்த வேப்பமரம்

முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிராணியாகக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தவள் நான். என்னிடம் வந்து ஒருவர், விதியைப் போட்டவனும் நான்தான், அளப்பவனும் நான்தான், முறையீட்டைக் கேட்பவனும் நான்தான் என்று நின்றால் எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சிம்பாங் ரெங்கத்தில் நாங்கள் வாழும் தாமான் குடியிருப்பின் சங்கத் தலைவரைத்தான் சொல்கிறேன். வேலிக்கு வெளியே மரம், செடி, கொட்டகை எதுவும் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். அடுத்த வாரமே அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். என் வேப்பமரம் வேலியைத் தாண்டி இரண்டடியில் நின்றது. வெட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கீழே அவர் கையெழுத்து.

பக்கவாதம் வந்த பிறகு என் கணவருக்கு வெளியுலகம் என்றால் அந்த மரத்தடிதான். பேச்சில் ஒற்றைச் சொற்கள்தான் மிச்சம். நாலு மணிக்கு இடக்கையால் வாசலைக் காட்டுவார். சக்கர நாற்காலியைத் தள்ளிப்போய் நிழலில் விடுவேன். சைக்கிளில் போகும் பிள்ளைகள் கையாட்டுவார்கள், இவர் தலையாட்டுவார். இருட்டும்வரை உள்ளே வரமாட்டார்.

மேல்முறையீடு எழுதிக்கொண்டு போனேன்.

"இதை யாருகிட்ட கொடுக்கணும் தலைவரே?"

"என்கிட்டத்தான்க்கா."

"கடிதம் போட்டதே நீங்கதான?"

"அலமாக், அது வேற, இது வேறலா."

நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு சரி. எப்போது கேட்டாலும் "பரிசீலனையில இருக்குக்கா" என்பார். அந்தச் சட்டை எத்தனை முறை துவைக்கப்பட்டதோ, என் கடிதம் கூழாகியிருக்கும். மரம் இருக்குமா போகுமா என்று தெரியாமல் மூன்று மாதம் ஓடியது. இப்படி ஒரு நிர்வாகமா என்று வீட்டுக்குள் நான் கத்தாத நாள் இல்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்தேன். ஒரே ஆள் மூன்று நாற்காலியில் உட்காரக் கூடாது என்று மலாயிலும் தமிழிலும் பொரிந்து தள்ளினேன். திருத்தத்தை நானே எழுதியும் வைத்திருந்தேன். விதி போடுவது பொதுக்கூட்டம். அளப்பது வேறு ஆள். முறையீட்டைக் கேட்பது தலைவரைச் சேராத மூவர் குழு, ஒரு மாதத்துக்குள் எழுத்தில் முடிவு. யாருக்காகவும் யாரும் விதியைத் தளர்த்த முடியாது. கைதட்டல் வேறு. தலைவரும் கை தூக்கி ஆதரித்தார்.

மூவர் குழுவில் ஒரு மலாய் ஆசிரியை, ஒரு சீன இரும்புக்கடைக்காரர், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நம் தமிழ்த் தாதி ஒருத்தி. வீட்டுக்கு வந்து மரத்தைப் பார்த்தார்கள், கணவரிடம் நலம் விசாரித்தார்கள், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். பத்தே நாளில் முடிவு வந்தது. மரம் விதியை மீறி நிற்கிறது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் புதிய திருத்தப்படி எங்களுக்கும் விதியைத் தளர்த்த அதிகாரமில்லை. நாலைந்து முறை படித்தேன். நீதிமன்றத்தில்கூட இவ்வளவு ஒழுங்கான தீர்ப்பு அபூர்வம். குறை சொல்ல ஒரு வரி அகப்படவில்லை, அந்த எரிச்சல் சொல்லி மாளாது.

வெட்டுவதற்கு முதல் நாள் தலைவர் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா நீங்க. எல்லாருக்கும் போட்ட மாதிரி உங்களுக்கும் ஒரு கடிதம் போட்டேன். அண்ணன் உட்கார்ற மரத்தை நான் வெட்டுவேனா? பரிசீலனைன்னு சொல்லிட்டு அப்படியே காலத்துக்கும் விட்டிருப்பேன்லா."

பதில் இருந்தது என்னிடம். இன்றைக்கு என் மரத்தை விடுகிறவர் நாளைக்குப் பிடிக்காதவன் மரத்தை வெட்டலாம், ஒருவருடைய மனசை நம்பி ஒரு தாமான் நடக்கக் கூடாது. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் காலையிலேயே மரம் போய்விட்டது. நாலு மணிக்கு வழக்கம்போல் இடக்கை வாசலைக் காட்டியது. தள்ளிக்கொண்டு போனேன். வெயில் தார்ச்சாலையில் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டையையே வெகுநேரம் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

பொதுக்கூட்டம், அளந்தவர், மூவர் குழு என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம்.

"நாந்தாங்க," என்றேன்.