மே கழியட்டும்

ஊரார் நெஞ்சுக்கெல்லாம் பட்டை இறுக்கி அனுப்புகிற மனிதருக்குத் தன் நெஞ்சின் மேல் மட்டும் நம்பிக்கை இல்லையென்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? கமருஸ்ஸமானுக்கு நோணாங்குப்பம் படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் வேலை. படகில் ஆற்றைக் கடந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் வருவார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி, மார்புக்கு நடுவில் க்ளிப்பைப் போட்டு, பட்டையை ஒரு இழுப்பு இழுத்து, "மூச்சு விட முடியுதா?" என்று கேட்டு அனுப்புவார். பெண்களென்றால் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்து வாயாலேயே சொல்லிக்கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே கேள்வி. இதையே ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் தன்னையும் கேட்டுக்கொள்கிறார் என்பது பக்கத்தில் நின்று படகு ஓட்டுகிற இளஞ்செழியனுக்குக்கூடத் தெரியாது.

அவருடைய அத்தா இறந்தது ஐம்பது வயதில். அதற்கும் முன்னால் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, நாற்பத்து மூன்றில். இரண்டும் நெஞ்சு வலி. முல்லா வீதியில் யாரோ ஒரு வாய்த்துடுக்கு அவர்கள் வீட்டுக்கு 'அம்பதத் தாண்டாத வீடு' என்று பேர் வைத்துவிட்டுப் போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது.

அத்தா போனது தொண்ணூறாம் வருஷம், அக்டோபர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை. நேரு வீதியில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றவர். கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயு புடிச்சிருக்கு, ஒரு சோடா வாங்கியா" என்று மகனை அனுப்பினார். பதினாலு வயசுப் பிள்ளை சோடாவோடு ஓடி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போதுதான் சொல்லியிருந்தார்: "வர்ற ஞாயித்துக்கிழமை உன்ன படகுல கூட்டிப் போறேன். அக்கரைல கடல் நல்லா இருக்குமாம்." அப்போது இவ்வளவு படகெல்லாம் கிடையாது. தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. வேலை தேடுகிற வயதில் எத்தனையோ வேலை கிடைத்தும் கமருஸ்ஸமான் ஏன் ஆற்றங்கரையில் வந்து நின்றார் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நாற்பத்தாறு வயது வரை அவர் பாட்டுக்கு இருந்தார். ஆள் குறைந்த நாளில் படகிலும் போய் வருவார். ஒரு நாள் நடு ஆற்றில் இடது மார்பில் சுருக்கென்று ஒரு குத்து. உள்ளங்கை வேர்த்துவிட்டது. கரைக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பெல்ட் மேல் ஓட வைத்தார்கள். ஒன்றுமில்லை. பதினைந்து நாளில் மறுபடியும் குத்து, மறுபடியும் ஈசிஜி. அந்தச் சுருள் காகிதங்களையெல்லாம் ஒரு ஃபைலில் சேர்த்து வைத்தார். மனைவி ஜஹபர் நிஷா அதற்கு 'கல்யாண ஆல்பம்' என்று பேர் வைத்தாள்.

அத்தா நெஞ்சு வலியை வாயு என்று நினைத்தார். மகன் வாயுவையெல்லாம் நெஞ்சு வலி என்று நினைத்தார். பயத்துக்கு இப்படியும் ஒரு பரம்பரை உண்டு.

டாக்டர் துர்கா பொறுமைசாலி. "பாய், உங்க குடும்பத்துல இருக்கறது நெஜம். அதுக்குத்தான் மாத்திர, நட, வருஷா வருஷம் டெஸ்ட். ஆனா இப்ப வர்ற வலி பயத்துல வருது. பயத்துல வந்தாலும் வலி வலிதான், நான் பொய்னு சொல்லல. நாலு எண்ணி மூச்ச இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. அதுக்கும் அடங்காம வேர்த்து கொட்டுனா, கைக்கு பரவுனா, யோசிக்காம வந்துடுங்க."

நாலு, ஆறு என்று எண்ணிப் பழகினார். பாதி நாள் கேட்டது, பாதி நாள் கேட்கவில்லை. ஆனால் படகில் ஏறுவதை அந்த முதல் குத்தோடு விட்டுவிட்டார். நடு ஆற்றில் வந்துவிட்டால்? அக்கரை மணலில் வந்துவிட்டால் யார் தூக்குவது? தினமும் முந்நூறு பேரை அக்கரைக்கு அனுப்பிவிட்டு, படகு வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பார். மனசு மட்டும் அந்தப் படகிலேயே போய்விடும்.

நிஷாவை ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில், கூட்டிப் போயிருக்கிறார். "படகுத்துறைல புருஷன் இருக்காருன்னு பேரு, எனக்கு அக்கரை மறந்தே போச்சு" என்பாள். அவர் சொல்வது: "மே கழியட்டும்."

இந்த வருஷம் மே பத்தாம் தேதி அவருக்கு ஐம்பது முடிகிறது. அதனால் எதைக் கேட்டாலும் மே கழியட்டும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா? மே கழியட்டும். செருப்பு பிய்ந்துவிட்டது, புதிதாக வாங்கலாமா? அதுவும் மே கழியட்டும். கல்லூரியில் படிக்கிற மகள் லமீஸுக்கு பேங்கில் பணம் எடுக்கவும், கேஸ் சிலிண்டர் பதியவும், பத்திரமெல்லாம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றும் சொல்லிக் கொடுத்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அது அவருக்குத் தெரியாது.

நோன்புப் பெருநாள் முடிந்து டாக்டரிடம் போனபோது லமீஸும் கூடப் போனாள். "சும்மா அம்பது, நாப்பத்து மூணுன்னு சொல்லாதீங்க" என்றார் துர்கா. "பொறந்த தேதி, எறந்த தேதி ரெண்டையும் எழுதிட்டு வாங்க. ஃபைல்ல சரியா இருக்கட்டும்."

அத்தா இறந்த தேதி அவருக்கு மனப்பாடம். பிறந்த தேதி? அந்தக் காலத்தில் யார் கேக் வெட்டினார்கள். கபர்ஸ்தானில் அத்தாவின் தலைமாட்டுக் கல்லில் 'வயது 50' என்றுதான் வெட்டியிருக்கிறது. லமீஸ் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். அடியில், நிக்காஹ் காகிதத்தோடு மடித்து, பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பத்திரம் கிடந்தது. கமருஸ்ஸமானுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. லமீஸ் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். விரல் வைத்து வாசித்தாள்.

"ஏப்ரல் மூணு, ஆயிரத்து தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு." பிறகு போனில் கணக்குப் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். "அத்தா, உங்க அத்தாவுக்கு அம்பது ஆகல. நாப்பத்தெட்டு வருஷம், ஆறு மாசம், அஞ்சு நாள்."

"கல்லுலயே வெட்டியிருக்குடி."

சமையல்கட்டிலிருந்து நிஷா எட்டிப் பார்த்தாள். "மாமி சொல்லுவாங்களே, அரபியில மவுலூது மாசத்துல பொறந்தவரு மவுலூது மாசத்துலயே போயிட்டாருன்னு. கல்லு வெட்ட பள்ளிவாசல் ஹஜ்ரத் வயசு கேட்டப்பவும் அதத்தான சொல்லியிருப்பாங்க?"

"அதாம்மா" என்றாள் லமீஸ். "அரபி வருஷத்துலேந்து அரபி வருஷத்த கழிச்சு அம்பதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. கழிச்சது சரிதான். ஆனா அந்த வருஷம் பதினோரு நாள் கொறச்சல்ல? நோன்பு வருஷா வருஷம் முன்னாடி வருதில்ல, அப்படித்தான். அம்பது வருஷத்துல ஒன்றர வருஷம் போயிடுது. அத்தா, நீங்க உங்க அத்தா வயச எப்பவோ தாண்டிட்டீங்க. ரெண்டாயிரத்து இருவத்துநாலு, நவம்பர் பதினஞ்சு. மறுநாள்லேந்து நீங்க பெரியவரு."

வருஷா வருஷம் அரபித் தேதி பார்த்து அத்தா இறந்த நாளுக்குப் பாத்திஹா ஓதுகிற வீடு; தன் வயதை மட்டும் இங்கிலீஷ் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒருத்தருக்கும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கமருஸ்ஸமானுக்கு முதலில் வந்தது கோபம். வராத மே மாசத்துக்குப் பயந்து ஒன்றரை வருஷத்தை வீணாக்கியிருக்கிறாரே. "அத்தாவத் தாண்டுன அன்னைக்கு நான் என்னா செஞ்சிட்டிருந்தேன்?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல்.

நிஷா போனை எடுத்து மேலே மேலே தள்ளிப் போனாள். நவம்பர் பதினாறு, சனிக்கிழமை. வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனவள் அவருக்கு ஒரு வௌவால் மீனின் போட்டோ அனுப்பி, இது எடுக்கவா என்று கேட்டிருந்தாள். அவர் பதில் போட்டிருந்தார்: பெருசா எடு.

"பெருசா எடுன்னு சொல்லிட்டு, ராத்திரி கொழம்புல புளி தூக்கல்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டீங்க" என்றாள் நிஷா.

லமீஸ் சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷமாகத் தன் சாவுக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். அத்தாவுக்காக அழுதே எத்தனையோ காலமாகியிருந்தது. பதினாலு வயதில் பார்த்த அத்தா எவ்வளவு பெரிய ஆள். ஐம்பது வயசு, வாழ்ந்து முடித்த மனிதர் என்றுதான் அவர் மனசில் இருந்தது. நாற்பத்தெட்டரை என்றால் தன்னைவிடச் சின்னவர். சின்னவர் ஒருத்தர் சோடாவுக்குக் காத்திருந்து போய்விட்டார். அத்தாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு தடவை தோளில் கை போட்டு, "வாயு இல்ல அத்தா, வாங்க ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் லீவு போட்டார். நிஷாவைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு வந்து, சீட்டு வாங்கி வரிசையில் நின்றார்.

"என்னா பாய், ஞாயித்துக்கிழம லீவப் போட்டுட்டு இங்கயே வந்து நிக்கிறீங்க?" என்றான் இளஞ்செழியன். "ஏன், மே கழிஞ்சிடுச்சா?"

"கழிஞ்சிடுச்சுடா."

நிஷாவுக்கு ஜாக்கெட்டை மாட்டி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெண்ணுக்குத் தன் கையால் க்ளிப் போட்டார். அவள் அவருடைய பட்டையை இழுத்து இறுக்கி, அவரைப் போலவே குரலை வைத்துக்கொண்டு, "மூச்சு விட முடியுதா?" என்று கேட்டாள்.

நடு ஆற்றில் அது வந்தது. அதே இடம், அதே குத்து. கணக்கு தப்பு என்று தெரிந்ததும் நெஞ்சு ஒரேயடியாக அடங்கிவிடுமா என்ன. உள்ளங்கை வேர்த்தது. திரும்பிப் பார்த்தார், படகுத்துறை தள்ளிப் போயிருந்தது. படகைத் திருப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் இளஞ்செழியன் திருப்பிவிடுவான். சொல்லவில்லை. நாலு எண்ணி இழுத்தார், ஆறு எண்ணி விட்டார். கைக்குப் பரவுகிறதா என்று பார்த்தார். பரவவில்லை. அலையாத்தி மரங்களைத் தாண்டும்போது ஏழாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தார். மணல் தெரிந்தபோது எண்ணுவதை மறந்திருந்தார்.

அக்கரையில் கடல் நன்றாகத்தான் இருந்தது. நிஷா கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தாள். பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் குடிக்காமலே நின்றார். தூரத்தில் ஒருவர், நாற்பத்தெட்டு வயசு இருக்கும், பையனின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல" என்றார். "அத்தாவயும் ஒருவாட்டி இங்க கூட்டியாந்திருக்கலாம், நிஷா. சின்ன வயசுதான அவருக்கு."