இதயத்துக்கு அறுபதாம் கல்யாணம்

எனக்கு நாற்பத்தெட்டு வயது நடந்தபோது, என் இதயத்துக்கு மட்டும் அறுபது ஆகிவிட்டது என்று தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டு எங்கள் வீட்டார் செய்த காரியத்தை இன்றைக்கும் யாரிடமாவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், பாதிக் கதை வரைக்கும்.

எனக்குச் சரவாங்கி. ஆஸ்பத்திரிச் சீட்டில் முடக்குவாதம் என்று எழுதுவார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி கிறுக்குப் பிடித்துப்போய், சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்துக் கடிக்கிற நோய். அப்போதே அது வந்து பன்னிரண்டு வருடம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. பல் துலக்குவதே தனி உத்தியோகம். சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியத்தையெல்லாம் செய்திருந்தால், நான் தின்ற முடக்கத்தான் தோசைக்கே இரண்டு மா நிலம் தேவைப்பட்டிருக்கும்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பயிர் அறுவடைச் சோதனைக்குப் போகிறவள் நான். ஒரு கிராமத்தில் ஏதோ சில வயல்களைக் குலுக்கல் முறையில் பொறுக்குவோம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதுவோம். ஊர் முழுக்க என்ன விளைந்தது என்பதற்கு அந்தத் துண்டு நிலம்தான் சாட்சி. பயிர்க் காப்பீட்டுப் பணம் வருவதும் அதை வைத்துத்தான். வடிகால் ஓரத்தில் பயிர் மூழ்கி அழுகிப் போனவர் வந்து என்னிடம் கத்துவார். "உங்க வயல் குலுக்கல்ல வரலீங்க, நான் என்ன பண்றது?" என்பேன். எனக்கு அப்போது மனசு ஒன்றும் பெரிதாக உறுத்தியதில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா என் விரல்களைப் பார்க்கவே இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். வயதைக் கேட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டார். அதை என்னிடம் கொடுத்தபோதே பரிசோதனைக் கூடத்துப் பையன், "எல்லாமே நார்மல்மா, கொழுப்பெல்லாம் சூப்பரா இருக்கு" என்று பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவளைப் பாராட்டுகிற மாதிரி பாராட்டியிருந்தான். டாக்டரம்மா எல்லாவற்றையும் செல்போனில், மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிற ஒரு கணக்குக்குள் போட்டார். திரை பச்சையாக வந்தது.

"பச்சைன்னா நல்லதுதானே டாக்டர்?"

"இந்தக் கணக்கு மத்தவங்களுக்குப் போட்டதும்மா. இதுல உங்க வியாதிக்குக் கட்டமே இல்லை பாருங்க."

பார்த்தேன். வயதுக்குக் கட்டம் இருந்தது. சிகரெட்டுக்கு இருந்தது. சர்க்கரைக்கு இருந்தது. என் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மூட்டில் எரிகிற அதே நெருப்பு ரத்தக் குழாயின் உள்சுவரையும் அரிக்கும் என்றார். வீக்கம் கடுமையாக இருக்கும்போது ரத்தத்தில் கொழுப்பு குறைவாகவே காட்டும், அதனால் இந்த அழகான ரிப்போர்ட்டை நம்பி உட்கார முடியாது என்றார். வடிகால் ஓரத்துக்காரர் கத்தியது எனக்கு அப்போதுதான் ஒழுங்காகக் காதில் விழுந்தது. கயிறு கட்டிய வயல் வேறு யாருடையதோ, மூழ்கினது என்னுடையது.

"சுருக்கமா சொல்லணும்னா, உங்களுக்கு நாப்பத்தெட்டு. உங்க இதயத்துக்கு அறுபதுன்னு வெச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. கொழுப்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். இதயக் குழாயை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "வலி நெஞ்சுலதான் வரணும்னு இல்லை. தாடையில வரும், தோள்ல வரும். உங்களுக்குத் தோள் எப்பவும் வலிக்கிறதால அசால்ட்டா விட்டுடுவீங்க. விடாதீங்க."

என் கணவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அறுவடை இயந்திரக்காரர் என்றைக்கு வருவார் என்று போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். இத்தனை பேச்சில் அவர் காதில் ஏறியது அறுபது என்ற ஒரே சொல்.

வீட்டுக்கு வந்ததும் குத்தாலத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். எனக்கு அண்ணி முறை. குடும்பத்தில் காதுகுத்து முதல் கருமாதி வரைக்கும் அவர்தான் கலெக்டர்.

"அக்கா, இவ இதயத்துக்கு அறுபது முடிஞ்சுடுச்சாம்."

"அறுபது முடியறதுன்னா கண்டம்டா தம்பி. சும்மா விடக்கூடாது. திருக்கடையூர்ல வெச்சுச் செஞ்சுட வேண்டியதுதான்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அண்ணி நேரில் வந்து இறங்கி, அங்கே சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து தருகிற ஒருவருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாருக்குங்க அறுபது? சாருக்கா?"

"சாருக்கு அம்பத்திரண்டுதாங்க. அவர் சம்சாரத்துக்கு. அதாவது சம்சாரத்தோட இதயத்துக்கு."

அந்தப் பக்கம் ஏதோ தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதயம் என்ன நட்சத்திரம்?" என்று குரல் வந்தது. அவர் கிண்டலாகக் கேட்டாரா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணவர் மட்டும், பதில் என்னிடம் இருக்கும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அப்புறம் போனில் இருந்தவர் விளக்கினார். "அறுபதாம் கல்யாணம் சாரோட வயசை வெச்சுத்தாங்க செய்றது. அம்மாவுக்கு எத்தனை வயசானாலும் அது கணக்குல வராது."

ஒரே வாரத்தில் இரண்டு கணக்குகள். ஒன்று செல்போனில், ஒன்று பஞ்சாங்கத்தில். இரண்டிலும் எனக்குக் கட்டம் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் என் நட்சத்திரத்தில் ஓர் ஆயுள் ஹோமம் என்று முடிவாயிற்று. "அப்படியே மாலையும் மாத்திக்கிட்டா அதுவே அறுபதாம் கல்யாணம்தான்" என்று அண்ணி திருப்திப்பட்டார்.

ஸ்கேன்? "நல்ல காரியம் முடியட்டும். அதுக்கு முன்னாடி எதையாவது கிளறி விடாதே" என்றார் அண்ணி. நான் தலையாட்டினேன். இந்த இடத்தில் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். கொழுப்பு மாத்திரை பிரிட்ஜ் கதவில் மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் பிரிக்காமலே கிடந்தது. ஏற்கெனவே விழுங்குகிற மாத்திரை போதாதா, ரிப்போர்ட்தான் நார்மல் ஆயிற்றே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். ஸ்கேனில் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அண்ணியின் முட்டாள்தனம் எனக்கு வசதியாக இருந்தது.

ஹோமம் நன்றாகவே நடந்தது. புகையில் கண் எரிந்தது. குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். மாலை மாற்றினோம். நாற்பத்தெட்டு வயதில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட பெண் அந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாப்பாடு முடிந்து காரில் ஏறினோம்.

மயிலாடுதுறை தாண்டியதும் கீழ்த்தாடையில் பல்வலி மாதிரி ஒரு வலி. அது மெல்ல இடது தோளுக்கு இறங்கியது. ஏ.சி. காரில் புடவை வேர்வையில் நனைந்தது.

"வாயுதான்" என்றார் அண்ணி. "ரெண்டு வடை தின்னியே, நான் பார்த்தேன்."

"வடை இல்லைக்கா, புகை" என்றார் என் கணவர்.

வடையா, புகையா என்று குத்தாலம் வரைக்கும் அக்காவும் தம்பியும் பட்டிமன்றம் நடத்தினார்கள். நான் என்ன செய்தேன்? "தோள்தானே, சரவாங்கியாத்தான் இருக்கும்" என்று மூன்றாவது அணியாகச் சேர்ந்துகொண்டேன். குத்தாலத்தில் அண்ணி இறங்கி, சோடா வாங்கிக் கொடுத்து, ஏப்பம் வருகிறதா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். காலை வரைக்கும் என் இதயத்துக்கு அறுபது வயது என்று ஊரைக் கூட்டியவர்கள்தான் இவர்கள். ஹோமம் முடிந்த கையோடு அது பச்சைக் குழந்தையாகிவிட்டது போலிருக்கிறது.

ஏப்பம் வந்தது. வலி போகவில்லை.   பன்னிரண்டு வருடமாக என் வலிகளை எனக்குத் தெரியும். எது எங்கே தொடங்கும், எது எத்தனை மணிக்குத் தணியும் என்று தெரியும். இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை.

"என்னங்க, வீட்டுக்கு வேணாம். கும்பகோணத்துல ஏதாவது ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க. நான் செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கும்பகோணத்துக்கு விடச் சொன்னார். டிரைவரும் எங்கேயும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது தலையில் இன்னும் மாலையின் ரோஜா இதழ்கள் இருந்தன. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மூக்கின் மேல் பிராணவாயு மூடி. ஓர் இளம் டாக்டர் காகிதத்தை வைத்துக்கொண்டு என் கணவரிடம் வேகவேகமாகக் கேட்டார்.

"சுகர் இருக்கா?"

"இல்லீங்க."

"பிரஷர்?"

"இல்லீங்க."

"வேற ஏதாவது வியாதி, ரொம்ப நாளா?"

காலையில் என் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டவர் அவர். பன்னிரண்டு வருடமாகத் தினமும் மாட்டிவிடுகிறவர். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து தருகிறவர். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"ஒண்ணும் கிடையாதுங்க. நல்லா இருக்கா. மூட்டு வலி மட்டும்தான்."

டாக்டர் 'இல்லை' என்று எழுதப் போனார். மடங்காத விரலால் பிராணவாயு மூடியை இழுத்துத் தள்ளினேன்.

"முடக்குவாதம் டாக்டர். பன்னெண்டு வருஷமா. எழுதிக்குங்க."

எழுதப் போன கை நின்றது. டாக்டர் என்னைப் பார்த்தார், ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டார். என் கணவர் என் பக்கம் குனிந்தார். கண் கலங்கியிருந்தது.

"அதையுமா சொல்லணும்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.