சொந்த மாவட்டம் தோற்றால்

மாலை ஆனால் கோல்மன் ஃபீரிக் பின்பக்கமாக ஓடுகிறார். தேவாலயத்துக்குப் பின்னால் போகும் சந்தில், வேலிக்கு அந்தப்புறம் மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க, முகம் ஒரு பக்கமும் ஓட்டம் மறுபக்கமுமாகப் போய்க்கொண்டிருப்பார். டிராக்டர் வந்தால் ஓட்டுகிறவர்தான் நிறுத்த வேண்டும். நிறுத்துவார்கள். "ரெஃப்ரி ரிவர்ஸ்ல வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று பின்னால் வருகிறவர்களுக்கும் குரல் கொடுப்பார்கள். எங்கள் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் நடுவர் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பந்து தலைக்கு மேல் கிளம்பினால் அதைப் பார்த்தபடியேதான் பின்வாங்க வேண்டும். அதற்கான பயிற்சி இது. மாடுகளுக்கு இந்த விவரம் தெரியாது.

பிழைப்புக்குப் பால் டேங்கர் ஓட்டுகிறார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு வருகிற வேலை. வழியில் இருக்கிற பண்ணைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அநியாயம் செய்த வீடுகள்.

"அன்னிக்கு நீ குடுத்த பெனால்ட்டி இருக்கே, அதை எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் புலம்பினாரு."

"ஜெர்சியைப் பிடிச்சு இழுத்தான். டேங்க் மூடியைத் திறங்க."

"அது இழுத்ததா? ஈயை ஓட்டினான்யா!"

"ஈ ஜெர்சிக்குள்ள இருந்துச்சா? மூடியைத் திறங்க."

மிஸஸ் டுவேன் மட்டும் பேசுவதே இல்லை. மகனுக்குச் சிவப்பு அட்டை காட்டியதிலிருந்து கோல்மனுக்குத் தேநீரை நிறுத்திவிட்டார். அந்த மகனோ கோல்மனைக் கண்டால் தோளில் கை போட்டுப் பேசுவான். அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள், தலை வழுக்கை. தேநீர் வந்தபாடில்லை.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தால் பந்தைப் பார்க்க மாட்டார், கால்களைப் பார்ப்பார். கல்யாணத்தில் ஜோடிகள் ஆடும்போது யார் யாரைத் தள்ளினார்கள் என்று மனைவியிடம் மெதுவாகச் சொல்லுவார். ஒரு சாவுக்குப் போனவர், பெட்டி தூக்கி வருகிறவர்களுக்கு முன்னால் கல்லறை வாசல் வரை பின்பக்கமாகவே நடந்து போனார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவர் கோல்கீப்பர்.

எங்கள் ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்று கொடி காட்டுகிற நான்கு பேரை நடுவரே கூட்டி வர வேண்டும் என்பது வழக்கம். நம்பிக்கையான ஆட்களை எங்கே தேடுவது? மனைவி அட்ராக்டாவின் தம்பி மலாக்கியும், மலாக்கியின் சகலை ஒருவரும், அவருடைய அண்ணன் தம்பி இரண்டு பேரும் கோல்மனின் காரில் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். கோட்டுகளை அட்ராக்டா இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். திரும்பும்போது நால்வரும் கோல்மனைத் திட்டிக்கொண்டே வருவார்கள். அதுவும் வழக்கம்.

மனிதருக்கு ஒரே ஒரு ஆசை. மாகாண இறுதி ஆட்டத்தில் ஒரு தடவை விசில் ஊத வேண்டும். காரை மாற்று என்று வீட்டில் சொன்னபோதுகூட வேண்டாம் என்றவர் இதை மட்டும் விடவில்லை. வருகிற டிசம்பரில் ஐம்பது வயது. ஐம்பதுக்கு மேல் மாவட்ட ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது, விதி அப்படி. இந்த வருஷம் விட்டால் போச்சு.

இந்த வருஷம் கூடிவந்தது. முதல் அரையிறுதி அவர் கையில் வந்தது. தோற்றவர்களே வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். கோல்மனுக்குப் பயமாகிவிட்டது. மறுநாள் கமிட்டியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். "ஃபைனலுக்கு உன் பேருதான் ஓடுது. அடுத்த ஞாயிறு உங்க பசங்க தோத்துட்டா சரி. ஜெயிச்சுட்டா... உனக்கே தெரியும்."

தெரியும். சொந்த மாவட்டம் ஆடுகிற ஆட்டத்தில் யாரும் நடுவராக நிற்க முடியாது. அதில் இதுவரை சிக்கலே வந்ததில்லை, ஏனென்றால் எங்கள் மாவட்டம் ஒரு தலைமுறையாக இறுதி ஆட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை. மே மாதம் வந்தால் தோற்றுவிடும். ஊரும் அதற்குத் தோதாகத்தான் அந்த மாதக் கடைசியில் புல் அறுப்பை வைத்துக்கொள்ளும். நாய்கூட நம்பாத அந்த அணிக்கு இந்த வருஷம் பார்த்து என்ன வந்ததோ, கால்களில் ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது. மழையில், வெளியூர் மைதானத்தில், பெரிய அணி ஒன்றைக் கவிழ்த்துவிட்டு அரையிறுதிக்கு வந்து நின்றது.

ஊரெங்கும் ஊதாவும் வெள்ளையுமாகக் கொடி. மின்கம்பத்தில், கசாப்புக்கடையில், ஒரு செம்மறியின் முதுகில்கூடச் சாயம். கோல்மன் வீட்டு வாசலில் மட்டும் இல்லை. நடுவர் கொடி கட்டக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஒருநாள் விடிந்து பார்த்தால் கேட்டில் ஒரு கொடி. கோல்மன் அதை அவிழ்க்கவில்லை. அதைப் பார்க்கவும் இல்லை. கேட்டைத் திறக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பூசையில் ஃபாதர் ஹெனகன், "நம்ம பையன்களுக்காகவும் வேண்டிக்குவோம்" என்றார். கோவில் மொத்தமும் ஆமென் சொன்னது. கோல்மனின் ஆமென் எல்லோரும் முடித்த பிறகு தனியாக வந்தது. முன்வரிசையிலிருந்து மிஸஸ் டுவேன் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை மலாக்கி வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"மச்சான், உண்மையைச் சொல்லு. நாளைக்கு யாரு ஜெயிக்கணும்?"

"நல்லா ஆடுறவன்."

"யோவ், இது ரேடியோ பேட்டி இல்ல. என் அக்கா வீட்டு அடுப்படி."

"நல்லா ஆடுறவன்தான்."

"எனக்கும் ஃபைனல்ல அந்த வெள்ளைக் கோட்டோட நிக்க ஆசைதான்யா. ஆனா நாம தோக்கணும்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. எங்கம்மா குழியிலேருந்து எழுந்து வந்து செவுள்ல ஒண்ணு விடும்."

அட்ராக்டா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ஊதாவும் வெள்ளையும் தவிர வேறு நிறம் அறியாதவள். "நான் நம்ம பசங்களுக்குத்தான் கத்துவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"கத்து."

"உன் பக்கத்துல உக்காந்துதான் கத்துவேன்."

"கத்துன்னுதானே சொல்றேன்."

அவள் கையிலிருந்தது ஊதாச் சட்டை இல்லை, அவருடைய நடுவர் சட்டை. யாரும் போடச் சொல்லவில்லை. காலரை மடித்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். கோல்மன் எழுந்தார். வெளியே போய்ச் சந்தில் ஓடினார். அன்றைக்கு நேராகவே ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்து, ஹாம் சாண்ட்விச்சும் பிளாஸ்க் தேநீரும் ஆயிற்று. பிறகு கேலரியில் மூவரும் உட்கார்ந்தார்கள். கோல்மனுக்கு உட்கார்ந்து பார்த்துப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அட்ராக்டா சொன்னதைச் செய்தாள். "தூக்கி அடிடா! ஐயோ, தூங்கு மூஞ்சி, பின்னால பாருடா!" அவளுடைய குரலில் முன்வரிசைக்காரர் ஒருவர் தொப்பியை இறக்கிக் காதை மூடிக்கொண்டார்.

கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமம். பந்து ரூரி ஸ்காஹில் கைக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பையன், கூரை போடுகிறவன். ஓடினான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலடிக்கு மேல் போகக் கூடாது, தரையில் தட்ட வேண்டும் அல்லது காலில் தட்டி எடுக்க வேண்டும். கேலரியில் இருந்தவர்கள் பந்தைப் பார்த்தார்கள். கோல்மன் காலைப் பார்த்தார். நாலு ஆயிற்று. பையன் தட்டவில்லை. ஐந்து, ஆறு. களத்து நடுவருக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு முதுகுகள் மறைத்துக்கொண்டிருந்தன. ரூரி உதைத்தான். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போயிற்று. மேலே போனால் ஒரு புள்ளி. வெள்ளைக் கொடி ஆடியது. ஆட்டம் முடிந்த விசில்.

கேலரி மொத்தமும் எழுந்தது. கோல்மனும் எழுந்துவிட்டார். நெஞ்சுக்கு முன்னால் அவருடைய இரண்டு கைகளும், கம்பளி நூல் சுற்றுகிறாற்போல, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தன. நாலடிக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினான் என்பதற்கு நடுவர் காட்டுகிற சைகை அது. நியாயம் சுற்ற வைத்ததா, ஆசை சுற்ற வைத்ததா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மலாக்கி முழங்கையால் இடித்தார். "மச்சான், கையை இறக்கு. நம்ம பசங்கய்யா."

"ஆறு அடி வச்சான்."

"வச்சான். நானும் பாத்தேன். கையை இறக்கு."

அட்ராக்டா முன்பின் தெரியாத ஒருவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பினாள். புருஷனின் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கத்தல் பாதியில் நின்றுபோயிற்று. அந்தப் பெரிய இரைச்சலுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும், ஆயுசு முழுக்க இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கோல்மன் சுற்றுவதை நிறுத்தினார். கைகளைப் பிரித்து ஒரு கணம் பார்த்தார். பிறகு தட்டினார். அவள் வாயிலிருந்து கையை எடுத்து மறுபடி கத்தத் தொடங்கும் வரை, அவளையே பார்த்துக்கொண்டு, பலமாகத் தட்டினார்.