மதியச் சங்கு வரை இறங்காத சுதி

கப்பலில் வேலை செய்யும் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்க்கும் ஆறு டியூனிங் கீகளை இன்று காலை என் எலெக்ற்றிக் கிற்றாரில் பூட்டினேன்.

பழைய கீயைத் தொட்டாலே சுதி துள்ளிவிடும். புதியதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். சுதி கொஞ்சமாகத்தான் ஏறியது. அப்படியொரு நிதானம்!

துறைமுகத்தின் காலைச் சங்கு ஊதியதும் வழக்கம்போல் தடித்த கம்பியை அதன் சுதிக்குச் சேர்த்தேன். பிறகு எங்கள் பாட்டுக்காரர் நசீர் நானாவுடன் மதியம் வரை ஒத்திகை. கம்பிகளை இழுக்காத இழுவை இல்லை.

மதியச் சங்கு ஊதியது. தடித்த கம்பியைத் தட்டினேன்.

இரண்டும் ஒரே குரல். எனக்குப் புல்லரித்தது.

“கொஞ்சமும் இறங்கல்லயா தம்பி?”

“இல்லை நானா.”

நானாவின் முகம் வாடியது. “அப்ப இனிக் கலியாண வீட்டில சுதி போனா, கிற்றாரில பழி போட ஏலாது, என்ன?”

தொண்டைக்குப் பூட்டும் கீ எந்தக் கப்பலில் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.