பாதரின் காலைச் சாப்பாட்டில் சொசேஜஸ்

அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறார். போர்வைக்குள் இருந்து போனில் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் கோல் எடுக்க வேண்டாம்.

விடிந்தால் எங்கள் முறை. பூசை முடிந்ததும் பாதருக்கு எங்கள் வீட்டில்தான் காலைச் சாப்பாடு. நான் செய்கிறேன் என்று துள்ளியது நான்தான். பேக்கரியில் வாங்கிய பாண் துண்டுகளின் மேல் சீஸும் பொரித்த சொசேஜஸும் அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, காலையில் வேகவைக்க வேண்டும். வீட்டில் இருந்த முட்டையெல்லாம் அதற்குள் போய்விட்டது.

எங்களிடம் போறணை அடுப்பு இல்லை. பாண் எடுத்த சூட்டில் என் ட்ரேயை வைத்துத் தரும்படி பின்னேரம் பேக்கரி நானாவிடம் கேட்டேன்.

"வெச்சுத் தாறன் புள்ள. உள்ளுக்க என்ன?"

"முட்டை, சீஸ், சொசேஜஸ்."

நானா சிரித்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலத்தில பாதருக்கு இறைச்சியா? முஸ்லிம் எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்தால் அம்மா போனில் பெரியம்மாவிடம், "ஓம் அக்கா, முழுக்க என்ர பிள்ளைதான் செய்யிறாள். பாதர் சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்" என்கிறார்.

எல்லோரும் தூங்கியபின் குசினிக்குப் போய், ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் சொசேஜஸைத் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்தேன். குப்பையில் போட்டால் அம்மா காண்பார். வெளியே எறிந்தால் நாய்கள் சண்டை பிடிக்கும். எல்லாவற்றையும் நானே விழுங்கினேன்.

பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை.

முட்டையில் இன்னும் சொசேஜஸ் மணக்கிறது. பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது அவர் சாப்பிட முன்னமா, சாப்பிட்ட பிறகா? தெரிந்தவர்கள் அம்மா எழும்புவதற்குள் சொல்லுங்கள்.